கூலன்ட் குறைகிறது, ஹீட்டர் குளிர்கிறது: எங்கிருந்து தேடத் தொடங்குவது?

நீங்கள் சொன்னதை முதலில் சுருக்கி வைத்துக்கொள்கிறேன். 20 வயதை நெருங்கும் பெட்ரோல் கார். பதினைந்து நாளுக்கு ஒருமுறை, இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டின் டேங்கில் மேல்கோட்டில் இருந்த மட்டம் கீழ்க்கோட்டுக்கு இறங்கிவிடுகிறது. வண்டி நிற்கும் இடத்தில் ஒரு சொட்டு ஈரம்கூட இல்லை. ஓடும்போது ஹீட்டர் சுமாராகச் சூடு கொடுக்கிறது, நின்று ஐட்லிங்கில் இருந்தால் குளிர்காற்றுதான். டெம்பரேச்சர் முள் எப்போதும் பாதியில் நிற்கிறது. ஒரு மெக்கானிக் ஹெட் கேஸ்கட் (இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல்பகுதியான ஹெட்டுக்கும் இடையே உள்ள அடைப்புத் தகடு) போய்விட்டது, இன்ஜினைப் பிரிக்க வேண்டும் என்கிறார். இன்னொருவர் லீக் அடைக்கும் திரவம் ஒரு பாட்டில் ஊற்றினால் போதும் என்கிறார்.

இப்போதைக்கு இரண்டையுமே செய்யாதீர்கள். ஒருவர் பார்க்காமலே பெரிய வேலையைச் சொல்கிறார், மற்றவர் பார்க்காமலே மூடிவிடச் சொல்கிறார். தண்ணீர், அதாவது கூலன்ட், எங்கே போகிறது என்று இருவரில் ஒருவரும் தேடவில்லை. அதைக் கண்டுபிடிக்க அரை நாளும், கூலன்ட் பாதையில் அழுத்தம் ஏற்றிப் பார்க்கும் ஒரு பிரஷர் பம்பும் இருந்தால் பெரும்பாலும் போதும்.

நீங்கள் இரண்டு கோளாறுகளாக எழுதியிருப்பது அநேகமாக ஒரே கோளாறு. ஹீட்டர் என்பது டேஷ்போர்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் ஒரு குட்டி ரேடியேட்டர். இன்ஜினில் சூடான அதே கூலன்ட் இரண்டு ஹோஸ்கள் வழியாக அதற்குள் போய்த் திரும்புகிறது. பல வண்டிகளில் இந்த ஹீட்டர் கோர், கூலன்ட் ஓடும் பாதையிலேயே உயரமான இடங்களில் ஒன்றாக இருக்கும். தண்ணீர் குறைந்தால் அந்த இடத்தைக் காற்று பிடிக்கும், காற்று மேலே போய் நிற்கும். அதனால் தண்ணீர் பற்றாக்குறையை இன்ஜின் உணர்வதற்கு முன்பே ஹீட்டர் உணர்ந்துவிடும். ஐட்லிங்கில், கூலன்ட்டைத் தள்ளும் வாட்டர் பம்ப் மெதுவாகச் சுற்றுவதால் அந்தக் காற்றைத் தாண்டித் தண்ணீரைத் தள்ள முடியவில்லை. ஆக்சிலேட்டரை மிதித்தால் பம்ப் வேகமெடுத்துத் தள்ளிவிடுகிறது, சூடு வருகிறது. நின்றால் குளிர், ஓடினால் சூடு என்ற உங்கள் அறிகுறிக்கு முதல் பொருள் இதுதான்: பாதையில் காற்று இருக்கிறது, அல்லது ஓட்டம் போதவில்லை.

இதற்கு நேர் எதிரான அறிகுறியும் உண்டு. நிற்கும்போது ஓரளவு சூடு, நெடுஞ்சாலையில் வேகமாகப் போனால் ஹீட்டரும் குளிர்ந்து முள்ளும் இறங்குகிறது என்றால் தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடேறும்வரை ரேடியேட்டருக்குப் போகும் வழியை மூடிவைக்கும் வால்வு) திறந்தபடியே மாட்டிக்கொண்டிருக்கிறது. அது எளிய வேலை. உங்கள் வண்டியில் முள் சரியாக ஏறி நிற்பதால் தெர்மோஸ்டாட்டை இப்போதைக்கு விட்டுவிடலாம்.

முள் பாதியில் நிற்கிறது என்பதை வைத்து நிம்மதி அடையாதீர்கள். டெம்பரேச்சர் சென்சர் தண்ணீரில் மூழ்கியிருந்தால்தான் சரியாகச் சொல்லும். தண்ணீர் இறங்கி, சென்சரின் முனை காற்றிலோ ஆவியிலோ நின்றால், உள்ளே உலோகம் கொதித்துக்கொண்டிருந்தாலும் முள் அமைதியாக இருக்கலாம். சூடாக வந்துகொண்டிருந்த ஹீட்டர் வண்டி ஓடும்போதே திடீரென்று குளிர்ந்தால், முள் எங்கே இருந்தாலும் ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைத்துவிடுங்கள். அலுமினியம் ஹெட் உள்ள இன்ஜினில் அந்த ஐந்து நிமிடம்தான் ஹெட் வளைவதற்கும் வளையாமல் தப்புவதற்கும் இடையே உள்ள வித்தியாசம்.

தேடுவதற்கு முன் அளக்க வேண்டும். காலையில், இன்ஜின் முழுக்க ஆறியிருக்கும்போது மட்டும் மட்டம் பாருங்கள். 6 லிட்டர் கொள்ளும் அமைப்பில் கூலன்ட் சூடாகும்போது கால் லிட்டருக்கு மேல் பெருகும். சூட்டில் ஒருநாளும் ஆறியபின் ஒருநாளும் பார்த்தால் இல்லாத லீக்கைத் தேடிக்கொண்டிருப்பீர்கள். டேங்கின் மேல் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள், கிலோமீட்டரைக் குறித்துவையுங்கள், அளவு போட்ட பாட்டிலில் ஊற்றுங்கள். ‘கொஞ்சம் குறையுது’ என்பதை வைத்து யாரும் எதையும் சொல்ல முடியாது. ‘500 கிலோமீட்டருக்கு 300 மில்லி’ என்றால் மெக்கானிக் வேறு மாதிரி கேட்பார்.

ரேடியேட்டர் மேலேயே தனி மூடி இருந்தால், ஆறிய நிலையில் அதையும் திறந்து பாருங்கள். பக்கத்து டேங்க் நிறைந்திருக்க, ரேடியேட்டர் கழுத்துக்குக் கீழே காலியாக இருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். மூடியில் இரண்டு வால்வுகள் உண்டு. அழுத்தம் கூடினால் ஒன்று திறந்து கூலன்ட்டை டேங்குக்கு அனுப்பும், ஆறும்போது மற்றொன்று திறந்து திரும்ப இழுத்துக்கொள்ளும். இரண்டாவது வால்வு அடைத்துக்கொண்டாலோ, டேங்குக்குப் போகும் மெல்லிய ரப்பர் குழாயில் வெடிப்பு விழுந்தாலோ, போனது திரும்பாது. காலையில் மேல் ஹோஸ் உறிஞ்சப்பட்டுச் சப்பையாகக் கிடந்தால் இந்த வால்வைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

அந்த மூடியைப் பற்றி இன்னும் ஒன்று. அது எவ்வளவு அழுத்தத்தைப் பிடிக்கும் என்பதை அதன் மேல் 0.9 அல்லது 1.1 என்று பார் கணக்கிலோ, 13 அல்லது 16 என்று பிஎஸ்ஐ கணக்கிலோ அச்சிட்டிருக்கும். தண்ணீரும் கூலன்ட்டின் மூலப்பொருளான கிளைக்காலும் பாதிக்குப் பாதி கலந்தால் திறந்த பாத்திரத்தில் 107 டிகிரி செல்சியஸ் வாக்கில் கொதிக்கும். 1 பார் அழுத்தத்தை மூடி பிடித்துவைத்திருந்தால் கொதிநிலை 125 டிகிரியைத் தாண்டும். ஸ்பிரிங் தளர்ந்த மூடி அந்த அழுத்தத்தைப் பிடிக்காது. கூலன்ட் சீக்கிரமே பொங்கி டேங்க் வழியாக வெளியேறிக் காய்ந்துவிடும், லீக் எங்கே என்று நாம் இன்ஜினெல்லாம் தேடிக்கொண்டிருப்போம். வண்டியின் வயதுக்கு மூடியை மாற்றிவிடுவதே நல்லது. அதே அளவு எண் உள்ளதாக வாங்குங்கள், ‘கூடுதல் அழுத்தம் நல்லது’ என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பழைய ஹோஸ்கள்தான் அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

இனி, தரையில் சொட்டு இல்லையே என்ற கேள்வி. இதை வைத்துத்தான் பலர் நேராக ஹெட் கேஸ்கட்டுக்குத் தாவுகிறார்கள். என்னிடம் இருந்த ஒரு பழைய வண்டியிலும் இப்படித்தான், இரண்டு மாதம் கூலன்ட் குறைந்துகொண்டே இருந்தது. மூடி மாற்றினேன், மேல் ஹோஸ் மாற்றினேன், தரையில் அட்டை விரித்துப் பார்த்தேன், ஈரமே இல்லை. கடைசியில் ஒரு குளிர்ந்த காலையில் ரேடியேட்டர் கழுத்தில் கை பம்பை மாட்டி 1 பார் வரை ஏற்றிவிட்டுக் காத்திருந்தேன். முதல் ஐந்து நிமிடம் பம்பில் உள்ள அழுத்த முள் அசையவில்லை. பிறகு மெல்ல இறங்கத் தொடங்கியது. டார்ச்சும் சின்னக் கண்ணாடியும் வைத்து இன்ஜினுக்குப் பின்பக்கம் பார்த்தால், ஹீட்டர் ஹோஸ் இரும்புக் குழாயில் மாட்டும் இடத்தில், ஹோஸை இறுக்கும் கிளாம்புக்கு அடியில், ஒரு சொட்டு கனத்துக்கொண்டே நின்றது. விழுந்தது நேராக எக்ஸாஸ்ட் பைப்பின் மேல். அங்கே காய்ந்துபோன கூலன்ட் வெளிர்பச்சைப் பொருக்காகப் படிந்து கிடந்தது. வண்டி ஓடி நின்றதும் சொட்டுகிற ஒவ்வொரு சொட்டும் அந்தச் சூட்டிலேயே ஆவியாகியிருக்கிறது, பைப் ஆறுவதற்குள் சொட்டுவதும் குறைந்திருக்கிறது. கிளாம்பைக் கழற்றி, குழாயின் துருவை உரசி எடுத்து, ஹோஸை மாற்றினேன். அதோடு நின்றது.

ஆகவே சொட்டு இல்லை என்றால் லீக் வெளியே இல்லை என்று பொருளாகாது. சொட்டு விழுந்த இடம் சூடாக இருந்திருக்கலாம், அடியில் உள்ள தட்டு அதைப் பிடித்துக்கொண்டிருக்கலாம், ஃபேன் காற்று அடித்துக் காயவைத்திருக்கலாம். ஈரத்தைத் தேடாதீர்கள், பொருக்கைத் தேடுங்கள். காய்ந்த கூலன்ட் வெள்ளையாகவோ, பச்சையாகவோ, இளஞ்சிவப்பாகவோ தடம் விட்டிருக்கும்.

பிரஷர் சோதனையை இரண்டு தடவை செய்யச் சொல்லுங்கள்: ஒன்று முழுக்க ஆறிய நிலையில், ஒன்று இன்ஜின் இளஞ்சூட்டில். சில லீக்குகள் ஆறி, ரப்பரும் உலோகமும் சுருங்கும்போதுதான் திறக்கும், சில சூட்டில் விரியும்போது மட்டும் திறக்கும். மூடியில் போட்டிருக்கும் எண்ணுக்கு மேல் அழுத்தம் ஏற்றக் கூடாது. ஏற்றிவிட்டுக் குறைந்தது 15 நிமிடம் விட்டுப் பார்க்க வேண்டும். இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு ‘பிடிக்குது சார்’ என்று கழற்றுவது சோதனை ஆகாது.

அழுத்தம் ஏற்றி வைத்திருக்கும்போது பார்க்க வேண்டிய இடங்களில் முதலாவது வாட்டர் பம்ப். அதன் அடியில் சின்னத் துளை ஒன்று வேண்டுமென்றே விட்டிருப்பார்கள். உள்ளே சீல் தேய்ந்தால் தண்ணீர் பேரிங்குக்குப் போகாமல் அந்தத் துளை வழியாக வெளியே வரட்டும் என்பதற்காக. அங்கே தடம் இருந்தால் பம்புக்கு நாள் நெருங்கிவிட்டது, துளையை அடைக்க நினைக்காதீர்கள். அடுத்து, பிளாஸ்டிக் தொட்டியும் அலுமினியமும் சேரும் ரேடியேட்டர் ஓரம். பிறகு தெர்மோஸ்டாட் கூடு, எல்லாக் கிளாம்புகளும், இன்ஜின் பிளாக்கின் பக்கவாட்டில் வட்டமாக அடித்திருக்கும் இரும்பு மூடிகள். இந்தக் கடைசியை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். பல வருடம் வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டிய வண்டியில் இந்த மூடிகள் உள்ளிருந்து துருப்பிடித்து ஊசித்துளை விழும், அதுவும் இன்ஜினுக்குக் காற்று போகும் குழாய்த்தொகுதியான இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில், கண்ணுக்கு எட்டாத இடத்தில்.

வெளியே ஒன்றும் இல்லை, ஆனால் பிரஷர் பம்பின் முள் இறங்குகிறது என்றால் காருக்குள் ஏறி உட்காருங்கள். முன்சீட்டில் கால் வைக்கும் இடத்தில் கார்பெட்டைத் தூக்கி, அடியில் உள்ள பஞ்சை அழுத்திப் பாருங்கள். ஏசி தண்ணீர் வடியும் குழாய் அடைத்தாலும் அங்கே நனையும். ஆனால் அது வெறும் தண்ணீர், விரலில் தேய்த்தால் காய்ந்துவிடும். கூலன்ட் என்றால் விரல்களுக்கிடையே வழுக்கும், இனிப்பு வாடை வீசும். நாக்கில் மட்டும் வைத்துப் பார்க்காதீர்கள், அது விஷம். ஹீட்டர் கோர் மிக மெல்லியதாகக் கசிந்தால் கார்பெட் நனையாது. ஆனால் காற்றைத் திறந்ததும் முன்கண்ணாடியின் உள்பக்கம் பனி பிடிக்கும், துணியால் துடைத்தால் போகாமல் எண்ணெய் பூசியது போல இழுபடும். உங்கள் காரில் ஹீட்டரும் படுத்துவதால் இந்த இரண்டையும் கட்டாயம் பாருங்கள்.

இத்தனைக்கும் பிறகுதான் ஹெட் கேஸ்கட். அதைச் சந்தேகிக்க நல்ல காரணங்கள் உண்டு. ஆனால் வழக்கமாகச் சொல்லப்படும் இரண்டு அடையாளங்கள் ஏமாற்றும். ஆயில் மூடிக்கு அடியில் பால் நிறக் குழம்பு என்பார்கள். குறைந்த தூரமே ஓடி, இன்ஜின் முழுச் சூடு ஏறாத வண்டிகளில் காற்றின் ஈரமே மூடியில் அப்படிப் படியும். ஆயில் மட்டம் பார்க்கும் டிப் ஸ்டிக்கில் உள்ள ஆயிலே பால் போல இருந்தால்தான் பயப்பட வேண்டும். வெள்ளைப் புகை என்பார்கள். குளிர்ந்த காலையில் எல்லா வண்டியும் சைலன்சரில் ஆவி விடும். இன்ஜின் சூடான பிறகும் விடாமல், இனிப்பு வாடையோடு வந்தால்தான் அது சாட்சி. மறுபக்கம், இந்த இரண்டும் இல்லாமலேயே கேஸ்கட் போயிருக்கலாம்.

நான் நம்புவது வேறு அடையாளங்களை. இரவு முழுக்க நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்து, மேல் ஹோஸைக் கையால் பிடித்துப் பாருங்கள். ஓரிரு நிமிடத்தில், இன்னும் சூடே ஏறாத நிலையில், அது கல் மாதிரி இறுகினால் சிலிண்டரின் அழுத்தம் கூலன்ட்டுக்குள் வருகிறது. இரவு முழுக்க ஆறிய பிறகும் மூடியைத் திறக்கையில் ‘உஸ்’ என்று காற்று வெளியேறினால் அதுவும் அப்படித்தான். உங்கள் விஷயத்தில் இன்னொரு அடையாளம் உதவும்: பாதையில் உள்ள காற்றை முழுக்க எடுத்து விட்டு, ஹீட்டர் நன்றாகச் சூடு கொடுக்கத் தொடங்கி, வெளியே எங்கும் கசிவில்லாமல் மூன்று நான்கு நாளில் மறுபடி குளிர்ந்தால், யாரோ உள்ளிருந்து காற்றை நிரப்பிக்கொண்டிருக்கிறார்கள் என்று பொருள். அது சிலிண்டரைத் தவிர வேறு யாராகவும் இருப்பது அரிது.

உறுதிசெய்ய, நீலநிறத் திரவம் கொண்ட ஒரு சோதனை இருக்கிறது. ரேடியேட்டர் கழுத்தில் வைத்து, கூலன்ட்டுக்கு மேலே உள்ள காற்றை அந்தத் திரவத்தின் வழியாக இழுப்பார்கள். எரிந்த புகையின் கார்பன் டை ஆக்சைடு அதில் இருந்தால் பெட்ரோல் இன்ஜினில் நீலம் மஞ்சளாகும். ஆறிய நிலையில் மூடியைத் திறந்து, மட்டத்தைக் கொஞ்சம் இறக்கிவிட்டு, பிறகு இன்ஜினைச் சூடேற்றிச் செய்ய வேண்டும். கூலன்ட் திரவத்துக்குள் ஏறிவிட்டால் சோதனை கெட்டது. மஞ்சளானால் சந்தேகம் தீர்ந்தது. மாறாவிட்டால் கேஸ்கட் முழுக்க விடுதலை ஆகிவிடாது, மிகச் சின்ன ஓட்டை அந்த நேரத்தில் மூடியிருக்கலாம். அப்போது இரவில் மூடியில் உள்ள எண் அளவுக்கு அழுத்தம் ஏற்றி அப்படியே விட்டுவிட்டு, காலையில் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றுங்கள். மற்ற பிளக்குகள் பழுப்பேறி இருக்க, ஒன்று மட்டும் கழுவிவைத்தது போலச் சுத்தமாக இருந்தால் அந்தச் சிலிண்டர்தான். எரிபொருளையும் இக்னிஷனையும் துண்டித்துவிட்டு, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு ஸ்டார்ட்டரைச் சுற்றினால், பிளக் துளையிலிருந்து கூலன்ட் தூவானமாகத் தெறிப்பதைக் கண்ணால் பார்க்கலாம். இதைப் பார்த்த பிறகு இன்ஜினைப் பிரிக்கச் சம்மதியுங்கள், அதற்கு முன் வேண்டாம். (டீசல் வண்டி வைத்திருந்து இதைப் படிப்பவர்கள் ஈஜிஆர் கூலரையும் (இன்ஜினுக்குத் திரும்பும் எக்ஸாஸ்ட் புகையைக் கூலன்ட்டால் ஆற்றும் பாகம்) பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். அது உள்ளே கசிந்தாலும் வெளியே ஈரமில்லாமல் கூலன்ட் குறையும், வெள்ளைப் புகை வரும்.)

கசிவைக் கண்டுபிடித்துச் சரிசெய்த பிறகு காற்றை எடுப்பதில் அவசரப்படாதீர்கள். வண்டியின் முன்பக்கம் உயர்ந்திருக்குமாறு சாய்வில் நிறுத்தி, ஹீட்டர் கட்டுப்பாட்டை முழுச் சூட்டில் வைத்து, மெல்ல ஊற்றுங்கள். காற்று விடும் திருகு இருந்தால் அதைத் திறந்து, குமிழி நின்று கூலன்ட் ஒரே கோடாக வரும்வரை விடுங்கள். இன்ஜினை ஓடவிட்டு, ரேடியேட்டர் ஃபேன் இரண்டு முறை சுற்றி நிற்கும்வரை காத்திருங்கள். கையையும் துணியையும் ஃபேனிடமிருந்து தள்ளியே வையுங்கள், சில வண்டிகளில் இன்ஜின் அணைத்த பிறகும் அது தானாகச் சுற்றும். மறுநாள் காலை மட்டத்தைப் பார்த்து, இறங்கியிருந்தால் ஊற்றுங்கள். முதல் முறை கொஞ்சம் இறங்குவது இயல்பு.

அப்போதும் ஹீட்டர் சரியாகவில்லை என்றால், இன்ஜின் அறைக்கும் காரின் உட்பகுதிக்கும் இடையே உள்ள தடுப்புச் சுவரைத் தாண்டி உள்ளே போகும் இரண்டு ஹீட்டர் ஹோஸ்களைச் சூடான இன்ஜினில் எச்சரிக்கையாகத் தொட்டுப் பாருங்கள். இரண்டும் நல்ல சூடு, ஆனால் காற்று குளிர் என்றால் தண்ணீர்ப் பக்கம் குற்றமில்லை. உள்ளே சூட்டுக்காற்றைத் திருப்பும் கதவோ அதன் கேபிளோ சிக்கியிருக்கிறது. ஒன்று தொட முடியாத சூடு, மற்றது கை வைத்துப் பிடிக்கும் அளவு என்றால் கோர் அடைத்திருக்கிறது, அல்லது பாதையில் உள்ள வால்வு பாதி மூடியிருக்கிறது. இரண்டுமே குளிர்ந்திருந்தால் வால்வு முழுக்க மூடியிருக்கலாம், காற்று இன்னும் இருக்கலாம், அல்லது வாட்டர் பம்பின் உள்ளே சுற்றும் விசிறி தேய்ந்தோ தண்டிலிருந்து நழுவியோ இருக்கலாம். வெளியே புல்லி சுற்றிக்கொண்டிருக்கும், உள்ளே தண்ணீர் நகராது.

கோர் அடைப்பு என்றால் மாற்றுவதற்கு முன் கழுவிப் பார்க்கலாம், ஏனென்றால் அதை மாற்ற டேஷ்போர்டையே இறக்க வேண்டியிருக்கும். இரண்டு ஹோஸ்களையும் கழற்றி, தண்ணீர் வெளியே வரும் பக்கத்திலிருந்து உள்ளே விட்டு எதிர்த்திசையில் கழுவுங்கள். குழாய்த் தண்ணீரின் மெல்லிய ஓட்டம் போதும். கம்ப்ரசர் காற்றை முழு வேகத்தில் அடித்தால் பழைய கோர் பிளந்துவிடும். முதலில் காப்பி நிறத்தில் சேறு வரும், தெளிவாகும்வரை திசையை மாற்றி மாற்றி விடுங்கள்.

அந்த லீக் அடைக்கும் திரவத்தை நான் இவ்வளவு தூரம் எதிர்ப்பதற்குக் காரணம் இந்தக் கோர்தான். அந்தத் திரவத்துக்கு ஓட்டை எது, குழாய் எது என்று தெரியாது. குறுகலான இடத்தில் போய்ப் படியும். ஹீட்டர் கோரின் குழாய்கள்தான் முழுப் பாதையிலும் மிகக் குறுகியவற்றில் சேர்த்தி. ஏற்கெனவே ஓட்டம் போதாத உங்கள் ஹீட்டரில் அதை ஊற்றினால், ஒருவேளை லீக் ஒரு மாதம் நிற்கும், ஹீட்டர் நிரந்தரமாக நிற்கும். நடுவழியில் வீடு திரும்ப வேறு வழியே இல்லாதபோது மட்டும் அதை ஒப்புக்கொள்வேன்.

திரும்ப நிரப்பும்போது நிறத்தைப் பார்த்துக் கூலன்ட் வாங்காதீர்கள். பச்சை, சிவப்பு, நீலம் எல்லாம் சாயம்தான், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வண்டியின் கையேட்டில் சொன்ன தரத்தைப் பாருங்கள். பழைய வகையையும் புதிய வகையையும் கலந்தால் துருத்தடுப்பு குணம் கெடும், சிலவற்றில் கூழாகவும் படியும். பழைய வகையை 2 வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். நீண்டநாள் உழைக்கும் வகை பெரும்பாலும் 5 வருடம் தாங்கும். கலப்பதற்கு டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே. உப்புக் கலந்த தண்ணீர் ஊற்றினால் இப்போது கழுவி எடுத்த அதே சேறு மறுபடி உருவாகும்.

வடித்தெடுத்த பழைய கூலன்ட்டைத் திறந்த தட்டில் விட்டுவைக்காதீர்கள். எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருப்பதால் நாயும் பூனையும் நக்கிவிடும், குழந்தைகளும் குடித்துவிடக்கூடும், கொஞ்சம் போனாலே சிறுநீரகத்தைக் கெடுக்கும். மூடியுள்ள கேனில் ஊற்றி, மேலே எழுதி ஒட்டி, கழிவு எண்ணெய் வாங்கும் இடத்தில் கேட்டுக் கொடுத்துவிடுங்கள்.

பிரஷர் சோதனை செய்தபின், ஆறிய நிலையில் எவ்வளவு நேரத்தில் எவ்வளவு இறங்கியது, ஹீட்டர் ஹோஸ்கள் இரண்டும் எப்படி இருந்தன என்ற இரண்டை மட்டும் எழுதுங்கள். அதை வைத்து அடுத்து எதைக் கழற்றுவது என்று சொல்கிறேன்.